பாதியில் நின்ற கட்டடத்தின் சொந்தக்காரர்கள்

ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் வத்தலும் மல்லியும் புளியும் மொத்த வியாபாரம் செய்கிற இசக்கிசெல்வியைத் தேடிக்கொண்டு, கடை திறந்த சற்று நேரத்துக்கெல்லாம் வீட்டுப் புரோக்கர் ஷைஜு வந்து நின்றான். வத்தல் நெடி அவனுக்குப் பழக்கமில்லை. வாசலிலேயே ஒரு பாடு தும்மித் தீர்த்துவிட்டு, கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி உள்ளே வந்தான்.

"சேச்சி, அந்தக் கழக்கூட்டத்து ஃபிளாட் காரியமா வந்தேன். ஒரு பார்ட்டி உண்டு. நீங்க பில்டருக்குக் கொடுத்ததுல பாதி தருவாங்க. இப்பவே அட்வான்ஸ் செக். ஒரு கையெழுத்துப் போட்டா மதி, அது போதும், தலைவேதனை தீர்ந்துச்சு."

கல்லாவில் இருந்த அவள் கணவர் லிங்கராஜின் முகம் மலர்ந்தது. "உள்ளே வந்து உக்காருங்க ஷைஜு" என்று மூட்டைமேல் கிடந்த துண்டை எடுத்து இடம் கொடுத்தார். செல்வி சாக்கைப் பிரித்து ஒரு கை வத்தலை எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன யோசிக்க?" என்றார் லிங்கராஜ். "அது வருசக்கணக்கா எலும்புக்கூடு மாதிரி நிக்குது. பாதியாவது வருதேன்னு வாங்கிப் போட்டுட்டுப் போவியா!"

"யோசிச்சுச் சொல்லுதேன் ஷைஜு" என்றாள் செல்வி.

"அதிகம் யோசிக்க நேரமில்ல சேச்சி. அடுத்த மாசம் இந்த ரேட் கிட்டாது. ஞாயித்துக்கிழமை அங்க வீடு பதிஞ்சவங்க எல்லாரும் கூடுறாங்க, அங்க வச்சே முடிச்சிடலாம்." மறுபடி ஒரு தும்மலோடு அவன் போய்விட்டான்.

அந்த வீட்டின் கதை கொஞ்சம் பழையது. வள்ளியூரில் செல்வியின் அப்பா விட்டுப்போன நிலத்தை விற்றபோது அவள் பங்குக்கு ஒரு தொகை வந்தது. அவள் பிறந்ததிலிருந்து, முழுக்க அவளுடையது என்று கையில் வந்த முதல் பணம் அது. அதை என்ன செய்வது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, லிங்கராஜின் அண்ணன் பகவதிப்பெருமாள் கொஞ்சமும் தயங்கவில்லை. ஆரியசாலையில் அவருக்கு இரண்டு கடை. சொத்து விஷயத்தில் அவர் சொன்னால் குடும்பத்தில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

"விழிஞ்ஞத்துல மண்ணு வாங்கு" என்றார் அவர். "துறைமுகம் வரப்போவுது. மண்ணு எங்கயும் ஓடிராது. நானும் அங்கதான் வாங்குதேன்."

செல்விக்கு மண்ணில் மனம் நிற்கவில்லை. "மண்ணு நல்லதுதான் அத்தான். ஆனா அது மாசாமாசம் எனக்கு ஒண்ணும் தராதுல்லா? விக்கிற அன்னிக்குத்தான் காசு. எனக்கு வாடகை வரணும். கழக்கூட்டத்துல கம்ப்யூட்டர் கம்பெனிக்குத் தினமும் பிள்ளையள் பையும் பெட்டியுமா வந்து இறங்குது. அதுகளுக்குத் தங்க ரூம் வேணும்" என்றாள். சொன்னபடியே கழக்கூட்டத்தில் எழும்பிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடியில் மூன்றாவது மாடி வீட்டைத் தன் பெயரில் பதிந்தாள்.

கட்டியவன் கேசவ் என்ற இளைஞன். தேன் தடவின மாதிரிப் பேசுவான். ஒரு வருடம் கட்டடம் கிடுகிடுவென்று எழும்பியது. பிறகு கொரோனா வந்தது. அது போன பிறகும் வேலை தொடங்கவில்லை. இவர்கள் கொடுத்த பணத்தை அவன் வேறொரு இடத்தில் போட்டு, அதுவும் மாட்டிக்கொண்டது என்று பின்னால்தான் தெரிந்தது. ஜன்னல் இல்லாத ஓட்டைகள் வழியே மழை உள்ளே அடித்தது. புறாக்கள் குடியேறின. கம்பிகள் துருப்பிடித்துச் சுவரில் சிவப்பாக வழிந்தன.

அதே சமயம் விழிஞ்ஞத்தில் கப்பல் வந்தது. பகவதிப்பெருமாளின் மண்ணுக்கு விலை ஏறிக்கொண்டே போனது. ஓணத்துக்கும் தீபாவளிக்கும் குடும்பம் கூடும்போதெல்லாம் சென்ட் இப்போது என்ன விலை என்று அவர் சொல்லுவார். சொல்லிவிட்டு, "ஆகாச வீடு எப்படி இருக்கு செல்வி?" என்று கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். லிங்கராஜும் சிரிப்பார். செல்வி பந்தியில் பரிமாறுவதைப் போல நகர்ந்துவிடுவாள். அடுக்களையில் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்ட நாட்களும் உண்டு.

இப்போது ஷைஜு போன பிறகு அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. வேறொரு எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவள் வியாபாரத்தில் புளி பழசாகிவிட்டால் யாரும் தேடி வரமாட்டார்கள். அப்படி ஒருவன் தானாக வந்து, பழைய புளிதான் வேண்டும் என்று கேட்டு, இன்றைக்கே கொடு என்று அவசரமும் படுத்தினால், அவனுக்கு எங்கோ நல்ல விலைக்கு ஒரு கிராக்கி காத்திருக்கிறது என்று அர்த்தம்.

"ஏங்க, யாரும் சீந்தாத கட்டடத்துக்கு ஒருத்தன் செக் புக்கோட எதுக்கு அலையுதான்?" என்றாள் கணவரிடம்.

"அவனுக்குக் கிறுக்கு."

"ஷைஜுக்கா? அவன் கிறுக்கன் இல்ல. நான் கழக்கூட்டம் வரைக்கும் போயிட்டு வாரேன்."

லிங்கராஜ் முணுமுணுத்தார். அவள் சேலையில் ஒட்டிய வத்தல் பொடியைத் தட்டிவிட்டுக் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினாள்.

கழக்கூட்டத்தில் இறங்கி அவள் நேரே தன் கட்டடத்துக்குப் போகவில்லை. அதே தெருவில் முடிந்து நின்ற மற்றக் கட்டடங்களுக்கு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். முதல் இடத்தில் வாடகைக்கு வீடு தேடுகிறவளாகப் பேசினாள். காவலாளி கையை விரித்தார். "ஒழிவில்ல சேச்சி, காலி வீடே இல்ல. ஒராள் ஒழியுறதுக்கு முன்னயே அடுத்த ஆள் அட்வான்ஸ் தந்திடும்." அடுத்த இடத்தில் வாங்க வந்தவளாகக் கேட்டாள். அங்கே சொன்ன விலையைக் கேட்டதும் அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அன்று பில்டருக்குக் கொடுத்ததைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பக்கத்தில் புதிய ஆபீஸ் கட்டடங்கள் திறந்திருக்கின்றன, இன்னும் திறக்கப் போகின்றன, வீடு மட்டும் போதவில்லை என்று அந்த ஆள் விளக்கினார்.

அங்கிருந்தே ஷில்பாவுக்குப் போன் செய்தாள். அதே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் வீடு பதிந்த கொல்லத்துப் பெண் அவள். ஐடி பார்க்கில் வேலை. அவளும் கணவன் கிரீஷும் பேங்கில் கடன் வாங்கிப் பணம் கட்டியவர்கள். இல்லாத வீட்டுக்குத் தவணையும் இருக்கிற வீட்டுக்கு வாடகையுமாக இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் கழுத்தில் ஆபீஸ் அட்டை ஆட, ஓடி வந்தாள். கட்டடத்துக்கு எதிரே இருந்த சாயாக்கடையில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"ஷைஜு எங்களையும் கண்டான் சேச்சி. கிரீஷேட்டன் கையெழுத்துப் போடலாம்னு சொல்றார். மடுத்துப் போச்சு, வெறுத்துப் போச்சு."

"நீ என்ன சொல்லுத?"

ஷில்பா கொஞ்சம் தயங்கினாள். "நான் சட்டம் வாசிச்சேன். பில்டர் முடிக்காம விட்டா, வீடு கட்டுறத மேற்பார்க்கிற அரசு ஆணையம் அவரோட ரெஜிஸ்ட்ரேஷன ரத்து பண்ணலாம். அப்புறம் பாக்கிப் பணியை முடிக்கிற முதல் உரிமை வீடு வாங்கினவங்களோட அசோசியேஷனுக்குத்தான். வேற ஆளுக்குக் கொடுக்கணும்னா நாம வேண்டாம்னு சொல்லணும்."

"நாம முடிக்கலாமா? நாமளேவா?"

"சட்டம் அப்படித்தான் சேச்சி. பக்ஷே, அதுக்குப் பணம் வேணுமே?"

செல்வி எதிரே நின்ற கட்டடத்தைப் பார்த்தாள். "இதுல விக்காத வீடு எத்தனை இருக்கும்?"

"மூணுல ஒரு பங்கு விக்கல."

"அது யாருக்கு?"

"அசோசியேஷன் பொறுப்பெடுத்தா, ஆணையத்தோட அனுமதியில அத வித்து அந்தப் பணத்துல கட்டடத்தை முடிக்கலாம்."

செல்வி சாயா கிளாஸைக் கீழே வைத்தாள். எல்லாம் அவளுக்கு விளங்கிவிட்டது. ஷைஜுவின் பார்ட்டிக்கு இவர்களுடைய முடியாத வீடுகள் பாதி விலைக்குக் கிடைக்கும். பாதிப் பேருக்கு மேல் எழுதிக் கொடுத்துவிட்டால் அசோசியேஷனே அவர்கள் கைக்குள் போய்விடும். விற்காத வீடுகளும் அதோடு போய்ச் சேரும். இன்றைய விலைக்கு அந்த வீடுகளை விற்றாலே முழுக் கட்டடத்தையும் முடித்துவிடலாம்.

"அந்தப் பணத்தை வேறொருத்தன் எடுத்துக்கிட்டுப் போறதுக்கு நாம கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணுமாக்கும்!" என்றாள். சாயாக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி இருந்தது அவள் குரல். ஷில்பா முதலில் திகைத்து, பிறகு சிரித்தாள். பல வருடங்களுக்குப் பிறகு அந்தக் கட்டடத்தின் முன்னால் ஒருவர் சிரித்தது அன்றுதான் இருக்கும்.

அந்த வாரம் முழுக்க இருவரும் போனில் ஆட்களைப் பிடித்தார்கள். சிலர் துபாயில், சிலர் பெங்களூரில். சிலர் கட்டடத்தின் பெயரைக் கேட்டதுமே போனை வைத்தார்கள். ஷைஜுவிடம் முன்பணச் செக்கும் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போடுவதாக ஒப்புக்கொண்டிருந்தவர்களில் சேஷன் முக்கியமானவர். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கட்டடத்தில் முதலில் வீடு பதிந்ததும் அவர்தான், அதனால் அவர் சொல்லுக்கு மற்றவர்களிடம் மதிப்பு இருந்தது. செல்வி அவரைப் பார்க்கக் கரமனை அக்ரகாரத்துக்குப் போனாள்.

நீளமான வீடு. முன்னால் நின்றால் பின்பக்கம் ஒரு புள்ளியாகத் தெரியும். உள்கட்டில் சேஷனின் மனைவி பார்வதியம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். இரண்டு முழங்காலும் வீங்கி இருந்தன.

"வாங்கோ, உக்காருங்கோ" என்றார் சேஷன். "நீங்க எதுக்கு வந்திருக்கேள்னு நேக்குத் தெரியும். நான் கையெழுத்துப் போடப் போறேன். கோச்சுக்காதேங்கோ."

"ஏன் சார், இவ்வளவு நாள் பொறுத்தாச்சே?"

அவர் பின்பக்கம் கையைக் காட்டினார். "பாத்ரூம் அந்தக் கோடியில இருக்கு. நடுவுல முற்றம். மழை பெஞ்சா ஒரு கையில குடை, ஒரு கையில இவ. ராத்திரி எழுப்பினா எங்கயாவது விழுந்துடுவாளோன்னு பயம். கட்டிலுக்குப் பக்கத்துல பாத்ரூம், மேல போக லிஃப்ட்டு. நாங்க ஆசைப்பட்டது இவ்வளவுதான். இருந்ததையெல்லாம் அதுல போட்டேன். பாதி வந்தாலும் எங்கயாவது வாடகைக்குப் போயிடலாம்னு பாக்கறேன்."

செல்வி தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். விற்காத வீடுகள், தெருவில் இப்போதைய விலை, சட்டம் தருகிற முதல் உரிமை. சேஷன் கவனமாகக் கேட்டார். பிறகு மெதுவாக, "எல்லாம் சரி. அந்த வீடெல்லாம் விக்கற வரைக்கும் வேலை நடக்கணுமே? அதுக்கு எல்லாரும் மேல பணம் போடணும். என்னாண்ட இல்லியே அம்மா" என்றார்.

செல்வி எழுந்தாள். "ஞாயித்துக்கிழமை வாங்க சார். நான் பேசினதுக்கு அப்புறம் கையெழுத்துப் போடுங்க. அவ்வளவுதான் கேக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

கட்டிலில் இருந்த பார்வதியம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அவர் வருவார். நான் அனுப்பி வெக்கறேன்."

கழக்கூட்டத்தில் வாசகசாலையின் மாடி ஹாலில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் நிரம்பி, சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களை ஷில்பா லேப்டாப்பில் கூட்டி வைத்திருந்தாள். முன் மேஜையில் ஷைஜு கட்டுக் கட்டாக ஒப்பந்தத் தாள்களைப் பரப்பி, பேனாக்களையும் வரிசையாக வைத்திருந்தான். லிங்கராஜ் கடைசி வரிசையில், யாரோ எவரோ என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

செல்வி எழுந்து முன்னால் வந்தாள். ஆரியசாலையில் லாரிக்காரர்களை அதட்டிய குரல் அவளுக்கு. ஆனால் மேடை ஏறிப் பேசிப் பழக்கமில்லை. தமிழும் மலையாளமுமாக, எது வாயில் வந்ததோ அதில் பேசினாள். தெருவில் வீடு என்ன விலை போகிறது என்று சொன்னாள். யாருக்காவது சந்தேகம் இருந்தால் கீழே இறங்கி எதிர்க் கட்டடத்தில் கேட்டுவிட்டு வரலாம் என்றாள். இரண்டு பேர் உண்மையிலேயே இறங்கிப் போனார்கள்.

கிரீஷ் எழுந்தான். "சேச்சி, நாங்க ரொம்பத் தளர்ந்தாச்சு. ஒரு பில்டர் முடிக்காதத நாம முடிக்கும்னு எப்படி நம்புறது?" பெண்டாட்டியே எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்க, அவன் மரியாதையாகத்தான் கேட்டான்.

"கேசவ் நம்ம காசை வேற இடத்துல போட்டான் கிரீஷ். நாம நம்ம காசை நம்ம வீட்டுல போடப் போறோம். அதுதான் வித்தியாசம்." பிறகு அவள் மேஜைப் பக்கம் திரும்பினாள். "ஷைஜு, உங்கிட்ட ஒரே ஒரு கேள்வி. எங்க வீடு ஒண்ணுக்கும் ஆகாததுன்னு நீதான் எல்லாருக்கும் போன்ல சொன்ன. ஒண்ணுக்கும் ஆகாத சாமானுக்கு உன் பார்ட்டி இவ்வளவு செக் எழுதி வச்சிருக்கே, எதுக்கு?"

ஷைஜு சிரிக்கப் பார்த்தான். "அது... ஒரு ரிஸ்க் எடுக்குது சேச்சி."

"எங்க ரிஸ்க்க நாங்களே எடுத்துக்கிடுதோம்."

பின்னாலிருந்து யாரோ கையைத் தட்டினார்கள். திரும்பிப் பார்த்தால், லிங்கராஜ். தட்டிவிட்டு அவரே வெட்கப்பட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். இறங்கிப் போன இருவரும் அதற்குள் மூச்சு வாங்க ஏறி வந்து, "சேச்சி பறஞ்சது உண்மைதான். அதுக்கு மேலயும் கேக்குறாங்க" என்றார்கள். ஹால் முழுக்க ஒரே பேச்சு.

சேஷன் கையைத் தூக்கினார். எல்லோரும் அடங்கினார்கள். "என்னை மாதிரி மேல போட முடியாதவா இருக்கா. அவா என்ன பண்றது?"

அந்த வாரம் முழுக்க அவள் இதைத்தான் யோசித்திருந்தாள். "முடிஞ்சவங்க இப்போ போடுவோம். முடியாதவங்க பங்கை, விக்காத வீடு விக்கும்போது அதுல நேர் பண்ணிக்கிடுவோம். ஒருத்தரையும் விட்டுட்டு மேல போகண்டாம். அப்புறம்..." அடுத்துச் சொன்னது அவள் யோசித்து வைத்ததில்லை. "ஆணையம் உத்தரவு தந்ததும், விக்காததுல முதல் வீட்டை நானே வித்துத் தாரேன். முழு விலைக்கு."

சேஷன் சட்டைப் பையிலிருந்து ஷைஜு கொடுத்த முன்பணச் செக்கை எடுத்தார். மேஜைக்கு நடந்து போய், ஒப்பந்தத் தாள்களின் மேல் அதை வைத்தார். "ரொம்ப உபகாரம். நேக்கு வேண்டாம்."

அவருக்குப் பின்னால் வேறொருவர் தன் செக்கோடு போனார். பிறகு ஒரு பெண். கிரீஷ் ஷில்பாவைப் பார்த்தான். அவள் புருவத்தை மட்டும் தூக்கினாள். அவனும் எழுந்து போனான். கொஞ்ச நேரத்தில் ஷைஜு பேனாக்களைப் பொறுக்கிப் பையில் போட ஆரம்பித்தான். அன்று சாயங்காலம் அந்த ஹாலை விட்டுப் போவதற்கு முன்பே அசோசியேஷனுக்குச் செல்வி தலைவரும் ஷில்பா செயலாளரும் ஆகிவிட்டார்கள்.

ஆணையத்தில் விசாரணை நடந்தது. கேசவ் இளைத்துப்போய் வந்தான். எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. வரைபடங்களையும் அனுமதிக் கடிதங்களையும் அவனே ஒரு பெட்டியில் கொண்டுவந்து வைத்தான். செல்விக்கு அவன்மேல் இருந்த ஆத்திரம் அவன் முகத்தைப் பார்த்ததும் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டாள். மழைக்காலம் முடிவதற்குள் உத்தரவு இவர்கள் பக்கம் வந்தது.

உத்தரவு வந்த அன்று அவள் கடைக்குப் போகிற வழியில், பகவதிப்பெருமாளின் கடையில் ஏறினாள்.

"அத்தான், ஒரு வீடு விக்கணும்."

அவர் சிரித்தார். "உன் ஆகாச வீடா? யாரு வாங்குவா?"

"என் வீடு விக்கிறதுக்கில்ல. அஞ்சாவது மாடியில ஒண்ணு இருக்கு. முதல் வீடு. அத உங்ககிட்டத்தான் முதல்ல சொல்லுதேன்." விலையைச் சொன்னாள்.

அவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ஏ எம்மா, வெறுஞ் சுவருக்கா இந்த விலை?"

"முடிஞ்ச வீட்டுக்கு அந்தத் தெருவுல என்ன விலைன்னு விசாரிச்சுப் பாருங்க. முடிஞ்ச பிறகு நீங்க கேட்டாலும் இந்த விலைக்கு நான் தரமாட்டேன்."

"குடும்பத்துக்குன்னு ஒரு விலை இருக்குல்லா?"

"குடும்பம்னா வீட்டுக்குச் சாப்பிட வாங்க அத்தான். இது அசோசியேஷன் சொத்து. ஒரு ரூபா குறைக்க எனக்கு உரிமை இல்ல."

பகவதிப்பெருமாள் தம்பி பெண்டாட்டியை முதன்முறை பார்ப்பதுபோல் பார்த்தார். அவர் நாக்கு எப்படியோ, வியாபாரத்தில் நேர்மையான மனிதர். "விழிஞ்ஞத்து மண்ணு விலை ஏறிருக்கு, வாஸ்தவம்தான்" என்றார் கடைசியில், குரலைத் தாழ்த்தி. "ஆனா மாசம் எனக்கு என்ன வருது? ஒண்ணும் வரல. புல்லு வெட்டுத கூலியும் வேலி போட்ட கூலியும் நான்தான் கொடுக்கேன். வண்டிய எடுக்கச் சொல்லுதேன். போய்ப் பாத்துட்டு வருவோம்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஐடி பார்க் விடுகிற நேரம். நெடுஞ்சாலையில் வண்டிகள் நகரவில்லை. முதுகில் பையோடு இளைஞர்களும் பெண்களும் நடைபாதை நிறைய வந்துகொண்டே இருந்தார்கள். பகவதிப்பெருமாள் கார் கண்ணாடியை இறக்கிவிட்டு அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டடத்தில் ஏறாமலேயே கேட்டார்: "செக்கு யாரு பேருல எழுதணும்?"

அந்தச் செக் ஷில்பாவின் கையில் போய்ச் சேர்ந்தபோது அவள் ஆபீஸிலிருந்தே கூச்சல் போட்டதாகக் கிரீஷ் பிறகு சொன்னான். முதல் வீடு போனதும் மற்றவை போகத் தொடங்கின. ஒவ்வொரு வீடு விற்கும்போதும் ஒரு வேலை நகர்ந்தது. புறாக்களை விரட்டி ஜன்னல் வைத்தார்கள். துருப்பிடித்த கம்பிகளைச் சோதித்து, பழுதான இடங்களை உடைத்துக் கட்டினார்கள். தண்ணீர்க் குழாய், மின்சாரம், சுவர்ப்பூச்சு. சண்டைகள் வராமல் இல்லை. தரைக்கு எந்த ஓடு என்பதில் மட்டும் அசோசியேஷன் இரண்டு மாதம் அடித்துக்கொண்டது. ஒரு கான்ட்ராக்டரை மாற்ற வேண்டி வந்தது. செல்வி தினமும் மத்தியானம் கடையைக் கணவரிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறினாள். திரும்பி வரும்போது அவள் தலைமுடியில் வத்தல் பொடிக்குப் பதில் சிமென்ட் இருந்தது. லிங்கராஜ் முதலில் கேலி செய்தார். பிறகு ஒருநாள், "இன்னிக்குக் கம்பி லோடு வருதுன்னியே, நான் நின்னு எடை பாத்துக்கிடட்டா?" என்று அவரே கேட்டார்.

மாநகராட்சியிலிருந்து குடியேறும் சான்றிதழ் வந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடினார்கள். வாசலில் வாழை கட்டியிருந்தார்கள். சாவிகளை ஒரு தாம்பாளத்தில் வைத்துச் செல்வியைக் கொடுக்கச் சொன்னார்கள். முதல் சாவி சேஷனுக்கு. பார்வதியம்மாளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். லிஃப்ட் கதவு திறந்ததும் அந்த அம்மாள் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. அதனால் செல்வியும் அவர்களோடு மேலே போனாள். உள்ளே கண்ணாடியில் மூன்று பேருடைய முகமும் தெரிந்தது. சேஷன் அழுதுகொண்டிருந்தார். பார்வதியம்மாள் அவரைப் பார்த்து, "என்னத்துக்கு இப்போ? பட்டனை அமுக்குங்கோ" என்றாள்.

பகவதிப்பெருமாள் புது வேட்டியில் வந்து, எல்லோருடைய வீட்டுச் சுவரையும் தட்டிப் பார்த்து, தன் வீட்டுக்கு என்ன வாடகை கேட்கலாம் என்று கிரீஷிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். யாராவது பேச்சுக் கொடுத்தால், "எங்க செல்விதான் இதுக்கு பிரசிடென்ட்" என்றார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

செல்வியின் வீட்டுக்கு அன்றைக்கே ஆள் வந்துவிட்டது. ரெஷ்மா என்று கண்ணூர்க்காரப் பெண், தோழிகள் இருவரோடு. ஒருத்தி கோவில்பட்டி. மூவரும் அறை அறையாக ஓடிப் பார்த்துவிட்டு வந்து வாடகை கேட்டார்கள். செல்வி சொன்னாள். லிங்கராஜ் அவள் முழங்கையை இடித்து, "பிள்ளையள் பாவம், கொஞ்சம் குறையேன்" என்று கிசுகிசுத்தார்.

"இந்தத் தெருவுல இதுதான் விலை" என்றாள் செல்வி, பெண்களைப் பார்த்து. "தண்ணி வரலேன்னாலோ லிஃப்ட் ஓடலேன்னாலோ எனக்குப் போன் பண்ணுங்க. அன்னிக்கே சரியாக்கித் தருவேன். அதுக்கும் சேர்த்துத்தான் விலை."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரெஷ்மா போனை எடுத்தாள். "அட்வான்ஸ் இப்பவே அனுப்பட்டா சேச்சி?"

அவர்கள் கீழே இறங்கிப் போன பிறகு வீடு அமைதியானது. புது பெயின்ட் வாசனை. லிங்கராஜ் பால்கனியில் போய் நின்றார். தூரத்தில் ஐடி பார்க்கின் கண்ணாடிக் கட்டடங்கள் சாயங்கால வெயிலில் பளபளத்தன. நல்ல காற்று. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"செல்வி, பேசாம நாமளே இங்க வந்துருவோமா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "வரலாமே. ரெஷ்மா கொடுக்கிற வாடகைய நீங்க கொடுப்பியளா?"

"எம்பொண்டாட்டி வீட்டுக்கு நான் வாடகை கொடுக்கணுமா?"

"அட்வான்ஸும் சேத்து" என்றாள் அவள். பிறகு அவர் பக்கத்தில் போய் நின்று, தன் பால்கனியிலிருந்து கீழே தெருவைப் பார்த்தாள். பெட்டியும் பையுமாக இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.